நான்காம் வகுப்பின் நீலப் பட்டைகள்

ஐந்து சோதனைப் பட்டைகளில் நான்கு வெள்ளையாகவே கிடந்தன. நாக்கில் ஒற்றி எடுத்த பட்டை இரண்டே நிமிடத்தில் நீலமாகிவிட வேண்டும். பத்து நிமிடம் போய்விட்டது. பூங்கோதை டீச்சர் அவற்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐந்தாவது பட்டை மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது. அது தமிழரசு என்கிற காலனிப் பையனுடையது. ஒன்றாவது தேறியதே என்று நினைத்தாளே தவிர, அந்த ஒன்று ஏன் தேறியது என்று யோசிக்க அவளுக்கு அப்போது பொழுதில்லை.

அன்று இருபத்தோராம் நாள். நான்கு மணிக்கு ஒன்றியத்து வண்டி வந்துவிடும். கைப்பேசிச் செயலி குலுக்கிப் பொறுக்கிக் கொடுத்த ஐந்து பிள்ளைகளின் பட்டைகளையும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாக வேண்டும். ஐந்தில் நாலு பட்டையாவது நீலமாக இருந்தால் வகுப்புக் கதவில் பச்சை வில்லை ஒட்டலாம். இல்லையென்றால் வகுப்புக்கு அறுபது நாள் பூட்டு. சட்டம் அப்படி.

சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஊமைக் காய்ச்சல் வந்து மூன்று வருடமாகிறது. அது பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழேதான் அதற்குக் கண். இருமலில் பறந்து வரும். உயிரை அதிகம் எடுக்காது. மூன்றாம் நாள் தொண்டை அடைக்கும், ஏழாம் நாள் காய்ச்சல் விடும், பிள்ளை எழுந்து ஓடியாடும், சோறு தின்னும். பேச்சு மட்டும் திரும்பி வராது. கடலோரத்து ஊர்களில் தெருத்தெருவாகப் பிள்ளைகள் கைதட்டித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் தடுப்பு ஏறாத வகுப்பு எந்த அரசுப் பள்ளியிலும் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

தடுப்புக்கு வந்த மருந்து புது மாதிரியானது. அதன் பெயர் விதை ஊசி. பூங்கோதை செங்காட்டுவலசு நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பள்ளியின் சுகாதாரப் பொறுப்பும் அவள் தலையில்தான். அதனால் மே மாதப் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். மாவட்டத்திலிருந்து வந்த டாக்டர் ஃபர்ஹானா, ஆசிரியர்களுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார்.

"இந்த மருந்தை எல்லாருக்கும் போடற அளவுக்குத் தயாரிக்க முடியல. வகுப்புக்கு ஒரு ஊசிதான் வரும். அதைப் போட்டுக்கற குழந்தைதான் விதை. மத்த குழந்தைங்களுக்கு அந்தக் குழந்தைதான் ஊசி."

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகும் என்று யாரோ கேட்டார்கள்.

"எச்சில்ல. காத்துல போற மாதிரி செஞ்சிருந்தா நம்ம கட்டுப்பாட்டுல நிக்காது. அதனால எச்சில் பட்டாத்தான் போகும். அதுவும் ஒரு தடவைதான். விதைகிட்ட வாங்கின குழந்தை இன்னொண்ணுக்குக் கொடுக்க முடியாது."

"மூணு வாரத்துல வகுப்பு பூராவும் போயிருங்களா மேடம்?" இது பூங்கோதை கேட்டது.

"வெளிநாட்டுல ஆறாயிரம் குழந்தைங்களை வச்சுப் பார்த்திருக்காங்க. பதினாலு நாள் போதும்னு வந்திருக்கு. நாம கூடவே ஒரு வாரம் கொடுத்திருக்கோம். குழந்தைங்கதானே டீச்சர், எச்சில் பண்ணாம இருக்குமா?"

அரங்கமே சிரித்தது. பூங்கோதையும் சிரித்தாள்.

விதைக்குப் பிள்ளை கிடைப்பதுதான் பாடாக இருந்தது. பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஊசி போட்ட பிள்ளைக்கு மூன்று நாள் உடம்பு கொதிக்கும். ஊருக்குள் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை இருக்கிறதே, அதற்குப் போடுங்கள் என்றார்கள். பூங்கோதைக்கே அதே வகுப்பில் ஒரு மகள் இருந்தாள், நறுமுகை என்று பெயர். அரசு ஊழியரின் பிள்ளை அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்த வருடத்தில் சேர்த்தது. நறுமுகைக்குப் பனிக்காலத்தில் மூச்சிரைப்பு வரும். அதைச் சொல்லிப் பூங்கோதை தன் கையெழுத்தை மிச்சம் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்ட நாளோ ஜூன் மாதத்து வெயில். அதை அவளிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் தலைமையாசிரியர் பழனிவேலப்பன்தான், காலனியில் கேட்டுப் பாருங்க டீச்சர், அவங்க மறுக்க மாட்டாங்க என்றார். அவர்களுக்கு மறுக்க வராது என்பதைத்தான் அவர் அப்படி நாகரிகமாகச் சொன்னார்.

காலனியில் ரோகிணி என்கிற நான்காம் வகுப்புப் பெண்ணின் அம்மா நாகமணி நூல்மில்லில் இரவு வேலை முடித்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். கடைசி வரைக்கும் உட்காரவில்லை. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்று நாள் காய்ச்சலோடு சரி என்று பூங்கோதை சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

"அப்பறம் எம்புள்ளகிட்டருந்து அவீங்க புள்ளைகளுக்குப் போவுங்களா?"

"ஆமா நாகமணி. அதுக்குத்தான் இந்த ஊசியே."

"எப்படீங்க போவும்?"

"ஒரே வகுப்புலதான உக்காந்திருக்குதுங்க. தானாப் போயிரும்."

நாகமணி டீச்சரின் முகத்தை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அதை விழுங்கிக்கொண்டு, "நீங்க சொன்னாச் செரிதானுங்க டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் விழுங்கியது என்ன என்று பூங்கோதை பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

இப்போது நான்கு வெள்ளைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர். பட்டைகளைத் தொடாமலே பார்த்தார். அறுபது நாள் பூட்டினால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் நின்றுபோகும், பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு அதுதான் என்றார். விசாரணை வரும், இருவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும் என்றார். இருபத்தாறு பிள்ளைகளில் ஏதோ நாலு பாக்கி, இன்னும் நாலு நாளில் தானாகப் பரவிவிடும், காகிதம்தான் இன்றைக்குப் போக வேண்டும் என்றார். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர்.

பூங்கோதை ரோகிணியை மட்டும் ஆய்வக அறைக்குக் கூப்பிட்டாள். பெண் ஒடிசலாக இருந்தாலும் கண் துறுதுறுவென்று இருக்கும். நான்கு புதுப் பட்டைகளைப் பார்த்ததும் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டீச்சர், எம்பேரு அந்த லிஸ்ட்டுல இல்லீங்களே?"

"பட்டை செரியா வேலை செய்யுதான்னு பாக்கறேன் கண்ணு. நாக்க நீட்டு."

ரோகிணி நாக்கை நீட்டினாள். ஒவ்வொன்றும் ஒற்றி எடுத்த மாத்திரத்தில் நீலமாயிற்று. நான்காவது முடிந்ததும் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் எல்லாத்துக்கும் மருந்துங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்துப் பூங்கோதை அவள் கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து அனுப்பினாள். உறையில் ஐந்து நீலப் பட்டைகளைப் போட்டு ஒட்டினாள். நான்கு வெள்ளையும் கழிவறைத் தொட்டியோடு போயின. மறுநாள் காலை வகுப்புக் கதவில் பச்சை வில்லை ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் அவளைத் தூங்கவிடவில்லை. நாலு நாளில் தானாகப் பரவிவிடும் என்றால் இருபத்தொரு நாளில் ஏன் பரவவில்லை? மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அவள் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு பிள்ளைகளையே பார்த்தபடி நின்றாள்.

முட்டை சாப்பிட்டு விக்கிய மிதுன் பக்கத்துப் பையனின் பாட்டிலை வாங்கினான். தலையை நன்றாக அண்ணாந்து, பாட்டிலை உதட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டு சட்டையில் படவில்லை. அவனுக்கு அடுத்தவளும் அப்படியே. ஒருத்தி கொய்யாக்காயைப் பங்கு போட்டாள். பாவாடை ஓரத்தை அதன்மேல் போர்த்தி, துணியோடு சேர்த்துக் காக்காக் கடி கடித்துத் துண்டாக்கி, எச்சில் படாத துண்டை நறுமுகையிடம் நீட்டினாள். பென்சிலைக் கடித்த பையனைப் பக்கத்திலிருந்தவள், எச்சக்கையோட நோட்டத் தொடாத என்று தள்ளி உட்காரச் சொன்னாள். பல் முளைத்த நாளிலிருந்து அடித்தும் அதட்டியும் சொல்லிக் கொடுத்த பாடம். எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடத்தையும் பிள்ளைகள் இவ்வளவு சுத்தமாகக் கற்றதில்லை.

காலனிப் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களுடைய பாட்டில்கள் கடைசி ஜன்னலில் தனியே இருந்தன. அந்த நால்வரும் கடைசி வரிசையில் ஒரே தட்டில் ஊறுகாயை நக்கிக்கொண்டு, ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தார்கள். தமிழரசின் பட்டை நீலமானது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தண்ணீர்ப் பானையருகே ரோகிணி வந்தபோது முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். இன்னொரு பெண் மொண்டு ஊற்ற, ரோகிணி இரண்டு கைகளையும் குவித்துக் குடித்துவிட்டுப் போனாள். எட்டு வருடமாகப் பூங்கோதை இதே வராந்தாவில் நின்றிருக்கிறாள். இன்றுதான் இது கண்ணில் பட்டது.

குழந்தைங்கதானே, எச்சில் பண்ணாம இருக்குமா என்று சிரித்த அரங்கம் ஞாபகம் வந்தது. அங்கே இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஒருவருக்குக்கூட அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. நறுமுகை மூன்று வயதில் சொம்பில் வாய் வைத்தபோது அவள் உச்சந்தலையில் நறுக்கென்று குட்டியது பூங்கோதையின் கைதான். அந்த மகளும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள் பச்சை வில்லை ஒட்டிய கதவுக்குள் வெறும் தொண்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தாலுகாவில் காய்ச்சல் வந்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் பட்டைக் கதை வெளியே வரும். சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். தப்புச் செய்தவர்கள் எல்லாரும் முதலில் போடுகிற கணக்கு அதுதான்.

அடுத்த நாள் வகுப்பில் ஒரு எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இன்றைக்கு ஒற்றுமை விளையாட்டு, எல்லாரும் ஒரே சொம்பில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும் என்றாள். முதலில் ரோகிணியைக் கூப்பிட்டாள். ரோகிணி டீச்சரைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள், பிறகு உதட்டை வைத்துக் குடித்தாள். அடுத்து மிதுன். அவன் சொம்பைக் கையில் வாங்கவே இல்லை.

"எச்சில்ங்க டீச்சர்."

"பரவால்ல கண்ணு. ஒரே ஒரு மடக்கு."

"அவ எச்சில்ங்க" என்றான் மிதுன். முதல் தடவை சொன்னது காதில் விழவில்லையோ என்று விளக்கமாகச் சொன்னான். அவ்வளவுதான். முன் வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ரோகிணி தானாகவே சொம்பை எடுத்துப்போய் வெளியே ஊற்றிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இதென்ன பழக்கம் கற்றுக் கொடுக்கிறீர்கள் என்று மரியாதை குறையாமல்தான் கேட்டார்கள். தடுப்புத்தான் எல்லாருக்கும் ஏறிவிட்டதே, கதவிலேயே ஒட்டியிருக்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கூத்து? அதற்குப் பூங்கோதையிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலின் மேல் அவளே பச்சை வில்லையை ஒட்டி வைத்திருந்தாள். இனிமேல் இப்படி நடக்காது என்று பழனிவேலப்பன் சொன்னார். பூங்கோதையும் சொன்னாள்.

அதற்கு மறுநாள் அவள் செய்ததுதான், யாருக்கும் தெரியாத, அவளுக்கு மட்டும் தெரிந்த காரியம். இருபத்திரண்டு பேரையும் காப்பாற்ற முடியாவிட்டால் ஒன்றையாவது காப்பாற்றலாம். ரோகிணியிடம் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் கொடுத்து, வாய் வைத்துக் குடிக்கச் சொல்லி, பாதிக்கு மேல் மிச்சம் வைக்கச் சொன்னாள். எதற்கென்று ரோகிணி இந்தத் தடவை கேட்கவில்லை. அந்த மிச்சத்தை ஒரு மூடி பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் நிமிர்த்தி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவன் கோயமுத்தூரில் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வீட்டில் அவளும் மகளும்தான். நறுமுகை கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பூங்கோதை சமையலறையில் மகளின் டம்ளரை எடுத்து வைத்தாள். அந்தத் தண்ணீரை அதில் ஊற்றினாள். கொஞ்சம் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் தீர்ந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்துகூட ஆயிற்று. தண்ணீரில் எதுவும் மிதக்கவில்லை, எந்த நிறமும் இல்லை. ஆனால் அவள் வயிறு புரட்டியது. அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த அந்தக் குமட்டலுக்குப் பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கிருமி இருக்கும், பிள்ளைக்கு மூச்சிரைப்பு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்த படிப்பு அவ்வளவும் அந்த ஒரு பொய்க்கு உதவியது. டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் மிதுன் இருமிக்கொண்டே வகுப்புக்கு வந்தான். பத்து நாளில் பதினெட்டுப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் யார் வீட்டுப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வரவில்லை. காற்றில் வந்தது, எல்லார் மூக்கிலும் ஏறியது. காலனிப் பிள்ளைகள் நால்வருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஊருக்கு அந்த ஒரு விஷயம் போதுமாயிருந்தது. அவர்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தப் பெண் வாய் வைத்த சொம்பு பேச்சுக்கு வந்தது. வகுப்பில் கழுவிக் கவிழ்த்து வைத்த சொம்பு, ஊர் வாயில் பிள்ளைகள் அத்தனை பேரும் குடித்த சொம்பாக ஆகிவிட்டது.

டாக்டர் ஃபர்ஹானாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. காகிதத்தில் ஐந்துக்கு ஐந்து நீலம். தடுப்பு ஏறிய வகுப்பு இப்படிச் சரிந்தால், ஒன்று மருந்து பொய், இல்லை விதைப் பிள்ளையின் உடம்பில் அந்த மருந்தே நோயாகத் திரும்பியிருக்க வேண்டும். விதைப் பிள்ளையைச் சென்னைக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்துச் சோதிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எத்தனை மாதம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

வண்டி காலனிக்கு வந்த அன்றுதான் நறுமுகைக்கு உடம்பு சுட்டது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்கோதை பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நாகமணி ஓடிவந்து மறித்தாள். தொடாமல் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. எம்புள்ள ஆரையும் எச்சில் பண்ணலீங்க. அவளுக்கு அதெல்லாம் சொல்லித்தான் வளத்திருக்கறேன்."

பாக்கறேன் நாகமணி என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை நடந்தாள். பின்னால் வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரோகிணி அழுததாகத் தெரியவில்லை.

மாவட்ட மருத்துவமனையில் பிள்ளைகளுக்கென்று ஒரு நீள வார்டை ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டுக் கட்டில்களில் பூங்கோதையின் வகுப்பு வரிசையாகப் படுத்திருந்தது. சத்தமே இல்லை. மூன்றாம் நாளைத் தாண்டியவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மிதுன் அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான். குட் மார்னிங் டீச்சர் என்று சொல்ல முயல்கிறான் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்தொன்பதாவது கட்டிலில் நறுமுகையைப் படுக்க வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நறுமுகையின் குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் ஃபர்ஹானா குறிப்பேட்டோடு வந்தார். நோய் போன வழியை எழுத வேண்டியிருந்தது. பேச்சு மிச்சமிருக்கும் பிள்ளை இது ஒன்றுதான். ஆறுதலாகத் தலையைத் தடவிக்கொடுத்து, வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவாய், யாரோடு விளையாடுவாய் என்று கேட்டார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ரோகிணி பாட்டில்ல நீ எப்பவாச்சும் தண்ணி குடிச்சிருக்கியா கண்ணு?"

நறுமுகை அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தைப் பூங்கோதை அதற்கு முன் கண்டதில்லை. டாக்டர், அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாங்க, பயப்படாமச் சொல்லு என்றார்.

"குடிச்சேனுங்க" என்றாள் நறுமுகை. ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சில் கூட்டி விழுங்கினாள். "டெய்லி குடிப்பேன். அம்மாக்குத் தெரியாது. அவ எனக்கு ஃப்ரெண்டு. விளையாடிட்டு வந்ததும் அவ பாட்டில்தான் தருவா."

"டெய்லியா?"

"ஆமாங்க. ஆனா எச்சில் பண்ணலீங்க. ஒருநாக்கூட வாய் வைக்கல. அண்ணாந்துதான் குடிச்சேன்." அவள் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நெசமாம்மா. நீ சொன்ன மாதிரியேதான் குடிச்சேன்."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அவர் குறிப்பேட்டை மூடினார். வரிசையாகப் பதினெட்டுக் கட்டில்களையும் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலின் பக்கத்து மேசையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. கடைசியாக அவர் பூங்கோதையைப் பார்த்தபோது, அந்தச் சிரித்த அரங்கம் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"இந்த வகுப்புல யாருமே வாய் வச்சுக் குடிக்கலையா டீச்சர்?"

"காலனிப் புள்ளைங்க நாலு பேரு மட்டும். அவங்களுக்குள்ள."

"அப்ப அந்த அஞ்சு பட்டை எப்படி நீலமாச்சு?"

மகளின் கை பூங்கோதையின் கைக்குள் சுட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது சுலபமாக வெளியே வந்தது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறபோது உண்மை பேசுவது பெரிய வீரம் ஒன்றும் இல்லை.

"ஒண்ணுதான் அந்தப் பையனோடதுங்க மேடம். மீதி நாலும் ரோகிணி நாக்கு. நாந்தான் ஒத்தி எடுத்தேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பூங்கோதைக்கு இருந்தது. அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். சென்னை எண்ணைக் கேட்பதும், அந்தக் குழந்தைமேல தப்பில்ல, உடனே அவங்க அம்மாகிட்ட அனுப்பி வைங்க என்று சொல்வதும் வராந்தாவிலிருந்து கேட்டது. அந்தப் பக்கம் என்ன பதில் சொன்னார்கள் என்பது கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் நறுமுகையின் பேச்சு நின்றுவிட்டது. வலியெல்லாம் இல்லை. ஏதோ சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர்.

பூங்கோதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, நடுங்குகிற கையால் டம்ளரை உதட்டுக்கு மேலே தூக்கியது. தண்ணீர் மூக்கிலும் கழுத்திலும் வழிந்து சட்டையை நனைத்தது. புரையேறியது. ஆனால் இருமல் சத்தம்கூட வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பூங்கோதை முகத்தைத் துடைத்துவிட்டாள். மறுபடி ஊற்றி, டம்ளரை அவளே பிடித்துக்கொண்டு, விளிம்பை மகளின் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வாய் வச்சே குடி கண்ணு. அம்மா சொல்றேன். வாய் வச்சுக் குடி."

நறுமுகை உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். வரிசையாகக் கட்டில்களில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, அம்மாவிடம் திரும்பி, மாட்டேன் என்று தலையாட்டினாள்.